வெளுத்துப்போன பொன்னியும் செண்டுமல்லிப் பொடியும்

பிள்ளைகளே, கூட்டேரிப்பட்டில் பஸ் டீக்கு நிற்கிறது. நம் தங்கமீன் பொன்னி வெளுத்துவிட்டாளே என்று நீங்கள் அழுதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் சிவப்பாக ஒன்றை வாங்கி மாற்றிவிட நினைத்து, ரோட்டோர மீன் கடைக்குப் போகிறேன். கடைக்கார அம்மா காய்ந்த செண்டுமல்லி இதழ்களைக் கசக்கிக்கொண்டிருக்கிறார். வீட்டு மீனுக்குப் பதிலாக ஒன்று வேண்டும் என்கிறேன்.

"பழசு செத்துட்சா?"

"இல்லைங்க, நல்லா நீந்துது. கலர்தான் போச்சு."

"அதுக்கா மாத்தப் போறீங்க? வெறும் பொரியே போட்டுக்கினு இருந்தா கலர் எங்கேருந்து வரும்? இந்தப் பூப்பொடியைத் தீனியில கலந்து போடுங்க. மெதுவா ஏறும்."

"அதுவரைக்கும் பசங்க அழுவாங்களே?"

"மாத்தினா மட்டும் தெரியாதா? வாலைப் பாத்தே உங்களைப் புடிச்சிடுவாங்க!"

சிரிப்பு வருகிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மீன் வாங்காமல், பொடிப் பொட்டலத்தோடு பஸ் ஏறுகிறேன். பொன்னிக்கு நாளைய தீனியை நீங்கள்தான் கலக்க வேண்டும்.