பம்ப் பண்ணி இறக்கிய ஏர் பிரேக் லொறி

1. சாவி போன இடம்

எங்கள் தோட்டத்து ஃபேக்டரிக்குப் புது லொறி வந்த அன்று, ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா அதன் சாவியைத் தங்கராசுவிடம் கொடுத்தார். பதினெட்டு வருடமாக அந்த ஃபேக்டரிக்கு லொறி ஓட்டியவன் நான். தங்கராசு அதுவரை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன், என்னைவிட ஐந்து வயது இளையவன். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அது பொறாமைதான்.

என் லைசன்ஸில் இருந்தது சி-வன். அது சின்ன லொறிக்கு மட்டும். புது லொறிக்குப் பத்து டயர், அதற்கு சி வேண்டும். நாங்கள் அதை ‘ஹெவி’ என்போம். தங்கராசு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் லேனர்ஸ் என்னும் டிரைவிங் பள்ளிக்குப் போய் அதை எடுத்து வைத்திருந்தான். அவன் லயத்து வீட்டு வாசலில் ஏர் பிரேக் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது, “என்னா தங்கராசு, ஓ.எல். பரீட்சை எழுதப் போறியா?” என்று நக்கலடித்தவன் நான்தான்.

“தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானேண்ணே” என்றான்.

லொறிக்குக் கோயிலில் பூசை போட்டார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் ஹெவி தங்கராசு. வீட்டில் என் மனைவியும் ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

அவன் தினமும் காலையில் ஏர் டேங்கின் குழாயைத் திறந்து, காற்றோடு சேர்ந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவான். பிறகு எஞ்சினைப் போட்டு, காற்று ஏறும்வரை மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பான். “ஹெவிக்கு இன்னும் சாமி கும்புட்டு முடியல” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அதுவும் எனக்குப் பிடிக்காது.

2. பஸர்

ஒருநாள் தங்கராசு நோட்டன் பிரிட்ஜ் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தான். தேயிலை மூட்டைகள் அன்றே ஹட்டனுக்குப் போயாக வேண்டும். நான் கொண்டு போகிறேன் என்றேன்.

டீமேக்கர் கேட்டார், “சிவலிங்கம், ஒனக்குத்தான் ஹெவி இல்லையே?”

“பாஸாயிட்டேங்க ஐயா. கார்டு மட்டுந்தான் வரணும்.”

பச்சைப் பொய். யோசிக்காமலே வாயில் வந்தது.

மஸ்கெலியாவுக்கு இறங்கும் தோட்டத்து ரோட்டில் நாங்கள் பழைய லொறியை இறக்கும் முறை ஒன்று உண்டு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டுவிடுவோம். வளைவுக்கு வளைவு பிரேக்கை நாலைந்து முறை பம்ப் பண்ணுவோம். அந்தப் பழைய லொறியின் எண்ணெய் பிரேக் அப்படி அடித்தால்தான் பிடிக்கும். அதையேதான் புது லொறியிலும் செய்தேன்.

பாதி இறக்கத்தில் பஸர் கத்தத் தொடங்கியது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தங்கராசு எதையோ கெடுத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோசமாக இருந்தது. நிறுத்தாமல் இன்னும் வேகமாக பம்ப் பண்ணினேன்.

அடுத்த வளைவில் பின்வீல் தானாக இறுகிவிட்டது. லொறி இழுத்துக்கொண்டே போய் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ஏறி வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். யாருக்கும் அடி இல்லை. உடனே டீமேக்கருக்குப் போன் எடுத்து, “தங்கராசு பிரேக்க கவனிக்கவே இல்லீங்க ஐயா” என்றேன்.

செய்தி கேட்டு தங்கராசு சாவு வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தான். எஞ்சினைப் போட்டு, முள் ஏறும்வரை காத்திருந்து, பார்க்கிங் பிரேக்கை எடுத்தான். லொறி ஒழுங்காக நகர்ந்தது.

“நியூட்ரல்ல வந்தீங்களாண்ணே?”

நான் மூட்டைக் கயிற்றை இறுக்கப் போனேன்.

“பம்ப் பண்ணியிருப்பீங்க. இதுல ஒவ்வொரு மிதிக்கும் காத்து வெளிய போயிரும். எஞ்சின் சும்மா ஓடுனா, போன காத்து சீக்கிரம் திரும்ப ஏறாது. காத்து கொறைஞ்சாத்தான் பஸர் அடிக்கும். அப்பவும் நிப்பாட்டலைன்னா ஸ்பிரிங் பின்வீலப் புடிச்சிரும்.”

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதமாகச் சொன்னதுதான் அதிகமாக எரிந்தது.

3. துரை மேசை

மறுநாள் தோட்டத்து மேனேஜரான துரை எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, தங்கராசுவிடம், “சாவிய இங்க வை. நாளையில இருந்து டிராக்டர்” என்றார். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். என் பெயரைச் சொல்லவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

கை நீட்டினால் எட்டும் தூரத்தில் சாவி கிடந்தது. நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனால் எனக்கு அந்த பஸ் ஜன்னலில் தெரிந்த முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

“அவரு மேல தப்பு இல்லீங்க தொரை” என்றேன். “எனக்கு ஹெவி இல்ல, பொய் சொன்னேன். நாந்தான் பம்ப் பண்ணி எறக்குனேன்.”

அன்றே தங்கராசு மறுபடி புது லொறியில் ஏறினான். ஆறு மாதம் நான் எந்த வண்டியையும் தொடக்கூடாது என்றார்கள். அந்த ஆறு மாதமும் அவன் லொறியில் மூட்டை ஏற்றினேன். பிறகு லேனர்ஸுக்குப் போய், அதே புத்தகத்தைப் படித்து ஹெவி எடுத்தேன். இப்போது ஹட்டனில் ஒரு கடைக்குப் பத்து டயர் ஓட்டுகிறேன்.

இளம் டிரைவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். இறக்கத்தில் கியரில் வாருங்கள். ஏர் பிரேக்கை பம்ப் பண்ணாதீர்கள். பஸர் அடித்தால் உடனே ஓரங்கட்டுங்கள். அடுத்தவன் மேல் பொறாமை வந்தால் வகுப்புக்குப் போங்கள், பொய் சொல்லப் போகாதீர்கள்.

பொறாமை விட்டுவிட்டதா என்று கேட்டால், இல்லை. போன மாதம் தங்கராசு கன்டெய்னர் இழுக்கும் சி.ஈ. லைசன்ஸும் எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் சி.ஈ. வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன்.