ஒரே கட்டத்தில் மூன்று வடை

எங்கள் தொழிற்சாலையில் ரப்பர் சீல் ஒன்று உண்டு. பிரேக்குக்குள் போகும் சின்ன வளையம். டிராயிங்கில் அதற்கு முழ நீளத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே பார்ட் நம்பரும் இருக்கிறது. அந்தப் பெயரையோ நம்பரையோ சொல்லி ஸ்டோர்ஸ் கவுன்டரில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நடுவில் ஓட்டையோடு, தீய்ந்துபோன உளுந்து வடை மாதிரி இருப்பதால் தமிழ்க்காரர்கள் அதை வடை என்றார்கள். பாகலூர்ப் பக்கமிருந்து வரும் கன்னடக்காரர்கள் உத்தின வடே என்றார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் காரெ என்றார்கள். மூன்றும் ஒரே பலகாரம்தான்.

இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஓசூர் சிப்காட்டில் இருக்கும் இந்தத் தொழிற்சாலை ஆரம்பித்தபோது வெளிநாட்டுக் கூட்டாளிகள் மெஷின்களோடு ஒரு டேட்டாபேஸையும் சேர்த்து இறக்கிவிட்டுப் போனார்கள். கூட்டாளிகள் பிரிந்துவிட்டார்கள், மெஷின்களும் மாறிவிட்டன, டேட்டாபேஸ் மட்டும் நகரவில்லை. அதற்கு மல்டிவேல்யூ டேட்டாபேஸ் என்று பெயர். மற்ற டேட்டாபேஸ்களில் ஒரு கட்டத்துக்கு ஒரு விவரம். ரிசர்வேஷன் பெட்டி மாதிரி ஒரு சீட்டுக்கு ஓர் ஆள். எங்களுடையது பாகலூர் போகும் ஷேர் ஆட்டோ. ஒரு கட்டத்தில் எத்தனை பேரை ஏற்றினாலும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்குப் போகும்.

ஆகவே 'பெயர்' என்ற கட்டத்தில் வடை, உத்தின வடே, காரெ, டிராயிங் பெயர் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஏற்றியவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். கிருஷ்ணகிரிக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவோம். யாராவது புதிதாக வேலைக்கு வந்து ஒரு சாமானைப் புதுப் பெயரில் கேட்டால் பாய் அதைத் திருத்த மாட்டார். அந்தப் பெயரையும் கட்டத்தில் ஏற்றிவிடுவார். அதிகம் பேர் கேட்கும் பெயரை முன்னால் வைப்பார். வளைந்த கிளிப் ஒன்றுக்கு மாமியார் பல் என்று பெயர் இருந்ததை நான் ஒரு மாமியாரின் மருமகள் என்ற முறையில் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எங்களிடம் சீல் வாங்கும் வண்டிக் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் ஸ்டாக்கை அவர்கள் பெங்களூரில் உட்கார்ந்தபடியே தங்கள் திரையில் நேராகப் பார்க்க வேண்டுமாம். எங்கள் பழைய டேட்டாபேஸ் வெளியாட்களோடு பேசாது. நடுவில் நின்று பேசிவைக்க ஒரு கனெக்டர் சாஃப்ட்வேர் வேண்டும்.

ஃபேக்டரி மேனேஜர் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்தவர். என்னை உட்கார வைத்துப் பேசினார். கனெக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், வண்டிக் கம்பெனி ஆடிட்டர் வந்து பார்த்து ஒத்துக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் இந்தப் பழசைத் தூக்கிவிட்டு சென்னையில் இருக்கும் சாஃப்ட்வேரையே இங்கேயும் போட்டுவிடலாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப உங்களையும் சென்னைக்கே கூட்டிக்கிறேன் மேடம். உங்களுக்கும் ஒரு சேஞ்ச்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் எப்படிப் போவது? கெலமங்கலத்தில் என் கணவர் பாலிஹவுஸ் போட்டுக் குடைமிளகாய் வளர்க்கிறார். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போக முடியாது. மகள் பிளஸ் ஒன். சென்னை வெயில் வேறு. இதெல்லாம் நான் மற்றவர்களிடம் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. இந்த டேட்டாபேஸை நான் ஒருத்திதான் கட்டி மேய்க்கிறேன். அது போய்விட்டால் சென்னையில் பத்தோடு பதினொன்றாக ஒரு நாற்காலி கிடைக்கும், அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு கனெக்டர்கள் போட்டிக்கு வந்தன. ஒன்றைக் கொண்டுவந்தவர் பெங்களூர்க்காரர், மற்றொன்றைக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூர்க்காரர். கோயம்புத்தூர்க்காரர் இரவெல்லாம் பஸ்ஸில் வந்து காலை ஷிஃப்ட்டுக்கு முன்பே கேட்டில் நிற்பார். பெங்களூர்க்காரர் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, அத்திப்பள்ளி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்று மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேருவார். இதற்கு மார்க் போட என் அட்டவணையில் இடமில்லையே என்று எனக்கு வருத்தம்.

அட்டவணை மேனேஜர் கேட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் அடித்துத் தர வேண்டும். பெங்களூர்க் கனெக்டர் பார்க்க அழகு. 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனால் கடைசியில் கைதட்டுகிற மாதிரி ஒரு படம் வரும். எதையும் நம்மிடம் கேட்காது. எல்லாம் தனக்கே தெரியும் என்கிற பாவனை. அப்படிப்பட்ட ஆட்களோடு ஆபீசில் நிறைய வருஷம் குப்பை கொட்டியிருப்பதால் எனக்கு அப்போதே சந்தேகம். கோயம்புத்தூர்க் கனெக்டர் வெறும் கறுப்புத் திரை. எந்தக் கட்டத்தில் ஒன்று இருக்கிறது, எந்தக் கட்டத்தில் பல இருக்கிறது என்று ஒவ்வொன்றாக நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். எதைக் கேட்டாலும் அதன் சொந்தக்காரர், "பண்ணிக்கலாங்க மேடம்" என்பார். அது இன்னும் பண்ணவில்லை என்று அர்த்தம் என்பதை இரண்டாம் சந்திப்பில் புரிந்துகொண்டேன்.

இரண்டுக்கும் ரப்பர் சாமான்கள் பகுதியை மட்டும் கொடுத்துச் சோதித்தேன்.

பெங்களூர்க் கனெக்டர் வடைக் கட்டத்தைத் திறந்து பார்த்தது. உள்ளே நான்கு பெயர்கள். சரி, நான்கு சாமான்கள் போலிருக்கிறது என்று நான்கு வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் முழு ஸ்டாக்கையும் கொடுத்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் எங்கள் ஸ்டோர்ஸில் இருப்பதைப் போல நான்கு மடங்கு வடை. இந்த ரிப்போர்ட் என் கைக்கு வருவதற்கு முன் மேனேஜர் கைக்குப் போய்விட்டது. இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டா மாதாமாதம் ரப்பர் வாங்குகிறோம் என்று அவர் பர்ச்சேஸ்காரரைப் பிடித்து ஒரு மணி நேரம் காய்ச்சினார். பர்ச்சேஸ்காரர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பெங்களூர்க்காரரிடம் கேட்டேன். பிரிப்பதுதான் முறை, கூட்டியது உங்கள் தப்பு என்றார்.

கோயம்புத்தூர்க் கனெக்டருக்கு இந்தப் பேராசை இல்லை. கட்டத்தைத் திறந்தது, முதலில் உட்கார்ந்திருந்த பெயரை எடுத்துக்கொண்டது, மூடிவிட்டது. ஸ்டாக் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் எல்லா இடத்திலும் முன்னால் இருந்தது பாய் வைத்த பெயர். திரையில் ஆங்கில எழுத்தில் வடை, யானைக் காது, மாமியார் பல் என்று பட்டியல் இறங்கியது. மேனேஜர் இதையும் பார்த்தார். இது என்ன மேடம், கேன்டீன் லிஸ்ட்டா என்று கேட்டார்.

நான் கோயம்புத்தூருக்குப் பச்சை அடித்தேன். கணக்கை ஊதிச் சொல்கிறவனைவிடக் குறைத்துப் பேசுகிறவன் மேல் என்பது என் கட்சி. பெயரை மட்டும் சரிபண்ணினால் போதும். எல்லாக் கட்டத்திலும் டிராயிங் பெயர் முதலில் வர வேண்டும். மற்றவை பின்னால் எப்படியும் இருந்துகொள்ளட்டும்.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பின்னால் தள்ளிய பெயரை எல்லாம் ஒரு நாள் யாராவது அழித்துவிடுவார்கள் என்று பயந்தார். ஒரு பெயரும் அழியாது, என் பொறுப்பு என்றேன். ஆடிட்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் சென்னைக்குப் போக வேண்டியதுதான் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் பாய் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் மாற்றினார். ஒவ்வொரு கட்டமாக நான் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

ஆடிட்டர் வந்தார். மண்டியாப் பக்கத்து மனிதர், இஸ்திரி கலையாத சட்டை, சிரிக்காத முகம். கேட்டிலேயே செக்யூரிட்டியோடு கன்னடத்தில் பேசினார் என்ற செய்தி அவர் மாடிக்கு வருவதற்குள் ஸ்டோர்ஸுக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் அது ஒன்றும் விசேஷமில்லை. வந்தவர் பாஷையில் பேசுவதுதான் இங்கே மரியாதை. பால்காரர் தெலுங்கு பேசினால் நாங்களும் தெலுங்கு, கண்டக்டர் கன்னடம் பேசினால் நாங்களும் கன்னடம். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கமில்லை.

மேனேஜர், ஆடிட்டர், நான் மூவரும் பெரிய திரைக்கு முன் உட்கார்ந்தோம். பெங்களூரில் அவர்கள் ஆபீஸோடு இணைப்பைத் தட்டினேன். கறுப்புத் திரை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு ரப்பர் சாமான்கள் இறங்கின.

உத்தின வடே. ஆனெ கிவி. அத்தெ ஹல்லு.

வடையும் யானைக் காதும் மாமியார் பல்லும் சுத்தமான கன்னடத்தில் நின்றன. ஆடிட்டர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பாய் கன்னடப் பெயர்களை முன்னால் ஏற்றி விருந்தாளிக்கு மரியாதை செய்துவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் சென்னை சென்ட்ரல் தெரிந்தது. பாய் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எழுந்து ஸ்டோர்ஸுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு கன்னடத்தில் கேட்டார்.

"உத்தின வடே கொடி."

பாய் சீல் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். ஆடிட்டர் அலமாரியில் இருந்ததை எண்ணச் சொன்னார். திரையில் இருந்த கணக்கும் அதுவும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின. அடுத்து அத்தெ ஹல்லு கேட்டார். அதுவும் வந்தது, அதுவும் ஒத்துப்போனது. மூன்றாவதாக ஒன்றைக் கேட்க வாயெடுத்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டில் சட்டையின் இஸ்திரி கலைந்தது. கணக்கு சரி, இணைப்பு சரி, பெயர்களை மட்டும் மாற்றுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். ஆனாலும் மேனேஜர் சென்னைப் பேச்சை விடவில்லை.

பெயர்களை அன்றைக்கே மாற்றி டிராயிங் பெயரை முன்னால் வைத்தோம். ஆனால் முதல் முறை இணைத்தபோது இறங்கிய பெயரையே அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் நிரந்தரமாக வாங்கி வைத்துக்கொண்டது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்த ஆர்டர் வந்தபோதுதான் தெரிந்தது. பெரிய கம்பெனியின் முத்திரை, கையெழுத்து, விதிமுறைகள் எல்லாவற்றுக்கும் நடுவில், தேவை: உத்தின வடே. ஆர்டரில் உள்ள பெயரே பில்லிலும் வர வேண்டும் என்பது அவர்கள் விதி. அப்படியே பில் போட்டு லாரியை அனுப்பினோம். எல்லை தாண்டியதும் கர்நாடக வரி செக்கிங்கில் லாரியை ஓரம் கட்டிவிட்டார்கள். வடை என்று பில், உள்ளே ரப்பர், வரி விகிதமோ வேறு. டிரைவர் மேனேஜருக்குப் போன் போட்டார். மேனேஜர் ஆபீசரிடம் ஆங்கிலத்தில் விளக்க விளக்க, விஷயம் மேலும் மேலும் வடையாகவே போய்க்கொண்டிருந்தது. வியர்வையோடு போனை என்னிடம் நீட்டினார்.

நான் கன்னடத்தில் முதலிலிருந்து சொன்னேன். பார்ட் நம்பரைப் பார்க்கச் சொன்னேன். அந்த ஒரு கட்டத்தில் இருக்கும் நான்கு பெயர்களையும் திரையில் திறந்து போட்டோ எடுத்து, டிராயிங்கோடு சேர்த்து அனுப்பினேன். முதல் பெயரும் டிராயிங்கில் இருந்த பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு ஆபீசர் லாரியை விட்டார். உங்கள் ஊரில் வால்வுக்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்டார். நான் சொல்லவில்லை, அது பெண்கள் சொல்லக்கூடிய பெயர் இல்லை.

மேனேஜர் என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சென்னை சாஃப்ட்வேரில் ஒரு கட்டத்தில் இந்த மாதிரி நான்கு பெயர் ஏறுமா என்று கேட்டார். ஒரு கட்டம், ஒரு பெயர்தான் சார் என்றேன். அவர் திரையில் இருந்த நான்கு பெயர்களையும் விரலால் எண்ணினார்.

"அப்ப இது இங்கயே இருக்கட்டும். நீங்களும் இருங்க மேடம்."

சரிங்க சார் என்றேன். அவர் போன பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏசி அதிகம் என்று பக்கத்து சீட்டில் சொல்லிவிட்டு, கணவருக்குப் போன் போட்டு, சென்னை இல்லை என்றேன். அந்தப் பக்கம் குடைமிளகாய்க்குத் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. வரும்போது மோட்டாருக்கு ஃபியூஸ் ஒயர் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான் பேசுவார்.

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஸ்டோர்ஸ் வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார். விஷயம் அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. ஆடிட் நாளிலிருந்து என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தவர், இப்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த ஆடிட்டுக்கு வர்றவரு சித்தூர்க்காரராம் மேடம். தெலுங்கு பேசறவரு. காரெய முன்னாடி வெச்சுடட்டுமா?"