டோக்கன் கொடுத்தவர்

மைசூரில், நஞ்சன்கூடு ரோட்டு கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர். கொள்ளேகால் தமிழர், ஒல்லியான ஆள். டாக்டர் வந்தால் போதும், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார்.

வயிற்று வலியில் சுருண்டிருந்த என் மகளை வரிசையில் முதல் ஆளாக்கினார்.

"குடல்வால் மாதிரி இருக்குதுங்க. காத்திருக்க வேண்டாம்."

"நீங்க என்ன டாக்டரா?" என்று எரிந்து விழுந்தேன்.

"வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சவன்தானுங்க. இங்க பரீட்சையும் பாஸு. டாக்டரா பதிவு பண்ண அந்தக் காலேஜ்ல இருந்து ஒரு கடுதாசி வேணுமாம். அங்க சண்டை, காலேஜே பூட்டிக் கிடக்குது."

டாக்டரும் குடல்வால் என்றுதான் சொன்னார். அன்றே ஆபரேஷன். மகள் பிழைத்தாள்.

நன்றி சொல்லப் போனேன். "டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தக் கடிதத்தைக் கேட்கிற அதிகாரிக்கு ஒருநாள் வயிறு வலிக்க வேண்டும். டோக்கனுக்கு இவர் முன்னால் வந்து நிற்க வேண்டும்.