ராஜம் டீச்சரின் சாய்வுப் பலகை

ராஜம் மைதாப் பசையை விரலால் வழித்து மரக்கட்டையின் அடியில் தடவிக்கொண்டிருந்தாள். மொத்தம் மூன்று கட்டைகள். ஒன்றை வெறும் மரமாகவே விட்டாள். இன்னொன்றுக்கு உப்புத்தாள் ஒட்டினாள். மூன்றாவதற்குக் கரும்பலகை துடைக்கும் ஸ்பாஞ்சிலிருந்து இரண்டு விரல் கனத்துக்கு ஒரு துண்டு. மறுநாள் முதல் பீரியடில் ஏழாம் வகுப்புக்கு உராய்வு விசைப் பாடம். பள்ளியில் இருந்தது ஒரு வில்தராசும் முள் உடைந்த காம்பஸும்தான். மற்றதையெல்லாம் அவளே செய்து டிராமில் தூக்கிப் போவாள்.

அது 1979, ஆகஸ்ட். காளிகாட்டில் மெட்ரோவுக்காகத் தெருவைப் பிளந்து போட்டிருந்தார்கள். அவர்கள் குடியிருந்தது முதல் மாடி, நான் இரண்டாவது மாடி. முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அவள் கணவர் வேலாயுதத்துக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து, காலையும் மாலையும் இறங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. படித்து, ரயில்வே குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு கல்கத்தா வந்தவள். பிள்ளைகள் இல்லை. தென்னிந்தியப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் இருபது வருஷமாக விஞ்ஞான டீச்சர். டிராம் சட்டென்று நின்றால் நாம் ஏன் முன்னால் விழுகிறோம் என்பதுதான் ஒவ்வொரு ஜூனிலும் அவளுடைய முதல் பாடம். ஓடிக்கொண்டிருப்பது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், பிடித்து நிறுத்த ஒரு விசை வேண்டும் என்பாள். அவளை நிறுத்த எதுவும் இல்லை. நாலு மணிக்கு எழுந்து, கணவரைத் துடைத்து, சமைத்து, பள்ளிக்குப் போய், மத்தியான இடைவேளையில் ஓடிவந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். முகம் வெளுத்து, மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன.

இவ்வளவுக்கும் பிறகு அவருக்கு முதுகின் அடியில், வால் எலும்பின்மேல் படுக்கைப்புண். புளியங்கொட்டை அளவில் தொடங்கியது, மூன்று வாரத்தில் எலுமிச்சம்பழ அளவு ஆகிவிட்டது. சனிக்கிழமைக்குள் வாடத் தொடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி என்றால் ராஜம் வேலையை விட்டுவிட்டு வார்டில் உட்கார வேண்டும். அன்று செவ்வாய்.

"நேரத்துக்குத் திருப்புறியா, இல்லையா?" என்று அன்றும் கேட்டேன்.

பசை அப்பிய கையாலேயே நோட்டை என் பக்கம் தள்ளினாள். பள்ளி நேரம் போக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இடம், வலம், மல்லாக்க என்று எழுதியிருந்தாள். "நீங்க நம்பாட்டாலும் பரவால்ல அக்கா. பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி என்னைத் திருத்தாதீங்க."

கட்டிலிலிருந்து வேலாயுதத்தின் குரல் கோணலாக வந்தது. "ராஜம், டவுன் வண்டி கெளம்பிட்டு."

அப் வண்டி, டவுன் வண்டி என்கிற ரயில்வேப் பாஷையில், அவர் கீழே சரிகிறார் என்று அர்த்தம். ஜன்னல் வழியாக மெட்ரோப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்று முதுகுக்கு நாலு தலையணை வைத்து உட்கார்ந்த மாதிரி படுத்திருப்பார். நெஞ்சில் சளி கட்டாது என்று நானும் அதற்குச் சம்மதித்திருந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை கீழே வழுகுவார். ராஜம் கக்கத்தில் கைகொடுத்து மேலே இழுப்பாள். அடியில் ரப்பர் ஷீட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியது நான்தான்.

இழுத்துவிட்டு வந்து, பலகையின் ஒரு முனைக்கு நோட்டுகளை அடுக்கி ஒத்திகை பார்த்தாள். ஐந்து நோட்டுக்கு வெறும் கட்டை வழுகியது. ஒன்பதுக்கு உப்புத்தாள். ஸ்பாஞ்ச் ஒட்டிய கட்டை நகரவில்லை. பொறுமையில்லாமல் மேலே கைவைத்துக் கீழ்நோக்கித் தள்ளினாள். ஸ்பாஞ்சின் அடி பலகையைப் பிடித்துக்கொண்டே இருக்க, மேலே கட்டை மட்டும் முன்னால் போனது. ஸ்பாஞ்ச் சாய்ந்து இழுபட்டு, ஒட்டிய இடத்தில் ஒரு மூலை பிய்ந்தது.

திரும்ப ஒட்டப் போனவள் நின்றுவிட்டாள். இரண்டாம் தடவை, மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க வாங்க. கட்டைதான் இவர் எலும்பு. ஸ்பாஞ்சு தோலும் சதையும். பலகை உங்க ரப்பர் ஷீட்டு. எடை எலும்பைக் கீழ இழுக்குது. ரப்பர் தோலை விடமாட்டேங்குது. நடுவுல பிய்யுது. போதாதுன்னு நான் வேற மேல இழுத்துப் பிய்க்கேன்."

திருப்பு, துடை, உலர வை என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அதைத்தான் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தேன். மூன்று வாரமாக அவளைத் திட்டியது தப்பு என்று சொன்னேன்.

"அத விடுங்க. தலையணைய எடுக்கணும்" என்றாள்.

"எடுத்தா?" என்றார் வேலாயுதம். "கூரையப் பாத்துட்டுக் கெடக்கணுமா? அதுக்கு ஆஸ்பத்திரியிலயே போடு. அங்கயும் கூரை இருக்கு."

ராஜம் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். தலையணையை எடுத்தால் அவர் சாப்பிட மாட்டார், அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஜன்னல் விளிம்பு உயரம், கட்டில் தாழ்வு.

அந்த நேரத்தில் கீழ் வீட்டு தாரா கிண்ணம் திருப்பிக் கேட்க வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ராஜத்திடம் வங்க மொழியில் சொன்னாள்: "அக்கா, உங்க மதராஸிக் கட்டில் தரையோட தரையா கிடக்குது. எங்க வீட்டுல கட்டில் கால்ல செங்கல் வெச்சு, அடியில பெட்டி, அரிசி டின் எல்லாம் போட்டிருக்கோம். படுத்தபடியே டிராம்லருந்து யார் இறங்குறான்னு பாப்பேன்."

கல்கத்தாவில் பாதிக் கட்டில்கள் செங்கல்மேல்தான் நிற்கின்றன. "ஏறிப் படுக்க ஏணி வேணுமா?" என்று இருபது வருஷமாகத் தாராவைக் கேலி செய்தது ராஜம்தான்.

"இந்தக் கட்டிலுக்கும் ஏணி வாங்கிருவோம்" என்றார் வேலாயுதம்.

சனிக்கிழமை டாக்டர் வந்தபோது புண்ணின் ஓரம் வாடி உலரத் தொடங்கியிருந்தது. முழுதும் ஆற ஏழு வாரம் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவர் அதே கட்டிலில் இன்னும் நாலு வருஷம் இருந்தார். ராஜம் ஓய்வு பெறும்வரை வேலையில் இருந்தாள், ஒரு நாளும் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, நானும் தாராவும் மொட்டை மாடியில் கிடந்த பன்னிரண்டு செங்கற்களை இறக்கினோம். வேலாயுதத்தைச் சாய்வு நாற்காலிக்கு மாற்றினோம். தாராவின் புருஷன் கடப்பாரையைக் கட்டிலுக்கு அடியில் கொடுத்து நெம்ப, ராஜம் காலுக்கு மூன்று கற்களாக அடுக்கினாள். ரப்பர் ஷீட்டை நான் கழற்றினேன். அவரை இழுக்காமல், போர்வையின் நாலு முனையையும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் வைத்தோம். தலைக்கு ஒரே தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. ஜன்னல் பக்கம் ஒருக்களித்துவிட்டதும், "பள்ளத்துல தண்ணி நிக்குது" என்றார்.

ராஜம் கையைக் கழுவிக்கொண்டு, பலகையையும் கட்டைகளையும் பைக்குள் வைத்தாள். பிய்ந்த மூலையை ஒட்டவில்லை, அதை அப்படியே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றாள். எட்டே காலுக்கு டிராம் ஏறினாள்.