சுதாஜினி சொன்ன தன் பாதி

என் தங்கை சுதாஜினி மட்டக்களப்பு கல்லடியில் பிறந்தவள். எங்கள் வீட்டில் படிப்பைக் கடைசிவரை கொண்டுபோனது அவள் ஒருத்திதான். நான் பள்ளியில் ஓ.எல். பரீட்சை எழுதியதோடு நின்றுவிட்டேன். தம்பி நிர்மலன் அதையும் எழுதவில்லை. நான் கலியாணம் முடித்து கனடாவில் மொன்றியலுக்கு வந்த பிறகு, அவள் மாணவ விசாவில் வந்து நகரின் லாசால் பகுதியில் எங்களோடு தங்கிக் கல்லூரியில் கணினி படித்தாள். பிரெஞ்சில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாமல் வந்தவள், அடுத்த குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்காரரோடு எனக்காகப் பிரெஞ்சிலேயே வாதாடி ஹீற்றரைத் திருத்த வைத்தாள்.

படித்து முடித்து நிரந்தர வதிவிடமும் கிடைத்த பிறகு, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சோதிப்பவளாகச் சேர்ந்தாள். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன். அது என்ன வேலை என்று கேட்டார்கள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆகவே அவளிடம் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளுக்கு நடந்தது விளங்காது.

அந்த நிறுவனத்தின் மென்பொருள், நடக்க இயலாதவர்களையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்கும் வான் என்கிற சிறிய பஸ்களுக்கானது. யாரை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று சாரதிக்குச் சொல்வது அதுதான். அதில் ஏதாவது ஒன்றை மாற்றும்போது வேறொன்று கெட்டுப்போகலாம். ஒவ்வொரு முறையும் ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கணினியே பார்த்துக்கொள்ளும்படி சோதனைகளை எழுதிவைப்பது சுதாவின் வேலை. சரியாக இருந்தால் திரையில் பச்சை, பிழை என்றால் சிவப்பு.

சோதனையைத் துண்டு துண்டாக எழுதுவாள். துண்டுக்குப் படி என்று பெயர். புதிய பயணியைப் பதிவது ஒரு படி, அவருடைய முகவரியை மாற்றுவது இன்னொன்று. அதன் பிறகு பயணத்தைப் பதிய வேண்டும். கடைசியில் சாரதியின் திரையில் வரும் முகவரி சரியா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை எழுதிய படியை வேறு பல சோதனைகளிலும் எடுத்துப் பொருத்தலாம். ஆனால் ஒரு படி அடுத்த படிக்கு ‘இந்தப் பயணிதான்’ என்று கையளிக்க வேண்டும். அப்படிக் கையளிப்பதைப் பராமீற்றர் என்பார்களாம்.

எங்கள் சலவைக்கூடத்தில் துணி வண்டிக்கு ஒரு சீட்டுக் கட்டியிருக்கும். எந்த மருத்துவமனைத் துணி என்று அதில் இருக்கும். கழுவுகிறவர், காயவைக்கிறவர், மடிக்கிறவர் எல்லாரும் அதைப் பார்த்தே வேலை செய்வோம். அது போலவா என்று கேட்டேன்.

“ஓம் அக்கா, அதேதான். சீட்டு இல்லாம வண்டி வந்தா என்ன செய்வீங்க?”

கூடுதலாகத் துணி அனுப்பும் மருத்துவமனையின் பக்கம் தள்ளிவிடுவோம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்றேன். தங்கள் இடத்திலும் அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தாள்.

சோதனைக்கு உண்மையான நோயாளிகளின் விபரத்தை எடுக்கக் கூடாது. பொய்யான பயணிகளை உருவாக்க வேண்டும். சுதா முதலில் உருவாக்கிய பயணிக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைத்தாள். மரியம்மா, லாசாலில் ஒரு முகவரி, சக்கர நாற்காலி, கிழமையில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. உண்மையான அம்மா கல்லடியில் நிர்மலனோடு இருக்கிறா. இங்கே வர விண்ணப்பித்தபோதெல்லாம் விசா மறுத்துவிட்டார்கள். சுதா தொலைபேசியில் அவவிடம், “அம்மா, நீங்க மொன்றியலுக்கு வந்து வான்ல திரியுறீங்க, விசாவும் கேக்கல்ல” என்றாள். அம்மா, குளிருக்கு ஏதாவது போட்டுவிட்டாயா என்று கேட்டா.

சுதாவோடு அதே வேலையைச் செய்தவன் தமிழ்மாறன். சேலத்துப் பையன், இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவன். அவனுடைய வேலை அனுமதியில் அந்த ஒரு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. அந்த வேலை போனால் நாட்டில் இருக்க வேறு வழி தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். சுதா எங்கள் ஊர்ப் பேச்சில், எதையாவது மறுகா, அதாவது பிறகு, செய்வோம் என்றால், “உங்க ஊர்ல மறுகான்னா சாயங்காலமா, அடுத்த வருஷமா?” என்று சீண்டுவான். “நீங்க மீன் சாப்பிடப் பழகின பிறகு” என்பாள் அவள். பயணம் பதிகிற படியையும் முகவரி பார்க்கிற படியையும் எழுதியது அவன். மற்ற இரண்டும் சுதா எழுதியவை.

சென்ற தை மாதம், கடுங்குளிரில், ஒரு முதியவர் இரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வானில் வீடு திரும்பினார். லாசாலில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருந்தவர், கொஞ்ச நாளுக்கு முன்புதான் நகரின் இன்னொரு ஓரத்தில், இல்-பிசார் பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்கு மாறியிருந்தார். முகவரியை மாற்றியும் கொடுத்திருந்தார்கள். ஆனால் சாரதியின் திரையில் வந்தது பழைய முகவரி. சாரதி அந்தத் தடத்துக்குப் புதியவர். முதியவருக்கு மறதி, அன்று களைப்பும் சேர்ந்திருந்தது. பல காலம் வாழ்ந்த கட்டடம் என்பதால் அவரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டார். சாரதி வெளிக்கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டார். உள்கதவைத் திறக்க அவரிடம் திறப்பு இல்லை. இரண்டு கதவுக்கும் நடுவில், சூடு இல்லாத அந்த இடத்தில், வேலை முடிந்து வந்த ஒரு பெண் காணும்வரை தரையில் இருந்திருக்கிறார். உயிர் தப்பியது. குளிரில் விறைத்துப்போன கால் விரல்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் மகள் வீட்டுக்கும் போகவில்லை. முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். அவருடைய பெயரை நிறுவனத்தில் யாரும் சுதாவுக்குச் சொல்லவில்லை. ஒரு பயணி எண் மட்டும் சொன்னார்கள்.

முகவரி மாறிய பிறகும் பழையதைக் காட்டுவது மென்பொருளின் பிழை. ஆனால் அந்தப் பிழையைப் பிடிக்கவென்றே ஒரு சோதனை இருந்தது. அது மாதக் கணக்காகப் பச்சையாகவே இருந்தது. ஏன் என்று சுதா ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்த்தாள்.

தமிழ்மாறன் தன் இரண்டு படிகளிலும் ஒரு வரி சேர்த்திருந்தான்: முன் படி பயணியைக் கையளிக்காவிட்டால் மரியம்மாவை எடுத்துக்கொள். படியைத் தனியே ஓட்டிப் பார்க்கும்போது வசதியாக இருக்கும் என்று செய்தது. மரியம்மாவின் விபரம் ஒரு குறையும் இல்லாதது என்பதால் எல்லாரும் அவவைத்தான் எடுப்பார்கள். இலையுதிர்காலத்தில் சுதா தன் படிகளைத் திருத்தி எழுதினாள். அப்போது, பயணியை எந்தப் பெயரில் கையளிப்பது என்பதையும் மாற்றினாள். தமிழ்மாறனின் படிகள் பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருந்தன. கிடைக்காதபோது பிழை என்று நிற்கவில்லை, மரியம்மாவை எடுத்துக்கொண்டன. முகவரி மாறியது புதிய பயணிக்கு. வானில் ஏறியதும் இறங்கியதும் மரியம்மா. அவவுடைய முகவரி ஒருநாளும் மாறாததால் எல்லாம் பொருந்தின.

இதைச் சொன்னபோது சுதா என்னைப் பார்க்கவில்லை. “இவ்வளவு நாளும் அம்மா மட்டும்தான் அக்கா வான்ல போய் வந்திருக்கிறா. வேற ஒருத்தரையும் நாங்க பார்க்கல்ல.”

அவளுடைய மேலாளர் இசபெல் கெட்ட மனுசி இல்லை. சுதாவைத் தனியே கூப்பிட்டு, வான் நடத்தும் அலுவலகத்துக்குச் சுருக்கமான ஒரு விளக்கம் கொடுக்க வேண்டும் என்றா. மரியம்மாவை எடுக்கச் சொல்லும் வரியை எழுதியது யார் என்று கணினியில் பதிவாகியிருக்கிறது, அது போதும், ஒப்பந்தக்காரர் ஒருவரின் பிழை, அவரை நீக்கிவிட்டோம் என்று முடித்துவிடலாம் என்றா. சுதாவின் திருத்தம் முறைப்படி செய்து இரண்டு பேர் சரிபார்த்தது. அதை யாரும் பிழையாகப் பார்க்கவில்லை. வசந்தகாலத்தில் சோதனைக் குழுவுக்குப் பொறுப்பாக சுதாவைப் போடும் எண்ணம் இருப்பதையும் இசபெல் அப்போதே சொன்னா. சுதா செய்ய வேண்டியது ஒன்றுதான்: கூட்டத்தில் பேசாமல் இருப்பது.

அந்த ஞாயிறு தமிழ்மாறன் வந்தான். நான் வைத்த சோற்றில் கையே வைக்கவில்லை. அவனுக்கும் விஷயம் முழுவதும் தெரியும். சுதா தானே காட்டியிருந்தாள்.

“நீங்க எதுவும் சொல்லாதீங்க, சுதா. பேரு என்னோடது இருக்கு. ரெண்டு பேர் போறதுக்கு ஒருத்தர் போனாப் போதும்.”

“நான் பேரை மாத்தினன், நீங்க மரியம்மாவை வெச்சீங்க. ரெண்டில ஒண்டு இல்லாட்டி அந்த மனிசன் வீட்ட போயிருப்பார். அதில பாதியைச் சொல்லி மீதியை மறைச்சா, அது விளக்கமா?”

“விளக்கம் கேக்கல அவங்க. ஆள் கேக்கறாங்க.” பிறகு என்னைப் பார்த்து, “அக்கா, உங்க அம்மாவை நான்தான் வேன்ல ஏத்துனேன், மன்னிச்சுக்கோங்க” என்றான். வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தான். எவரும் சிரிக்கவில்லை.

அவன் போன பிறகு சுதா பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“நீ சொன்னா உன்ட வேலை?”

“போகும் எண்டுதான் நினைக்கிறன்.”

“சொன்னா அவன் தப்புவானா?”

“தெரியாது அக்கா. ரெண்டு பேர்ட பிழை எண்டு விளங்கினா, ஆளைப் பிடிக்கிறதை விட்டிட்டு நாங்க எழுதுற முறையைப் பார்ப்பாங்க. அப்ப அவரை வெச்சிருக்கலாம்.”

கூட்டத்தில் சொன்னாள். வான் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் மேசையின் ஒரு பக்கம், இவர்கள் மறுபக்கம். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் நான்கு படிகளையும் வரைந்து, எந்த இடத்தில் கையளிப்பு அறுந்தது, அதில் எது தன்னுடையது, எது தமிழ்மாறனுடையது என்று பிரெஞ்சில் விளக்கினாள். ஒரு படிக்குப் பயணி கிடைக்காவிட்டால் அது நிற்க வேண்டும், வேறொருவரை எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் நிறுவனத்தில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படிதான் எழுதுகிறோம், இதுதான் பிழை என்றாள். வந்தவர்களில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அப்படியென்றால் ஒருவர் அல்ல, இரண்டு பேரா? இசபெல் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா.

தமிழ்மாறனின் ஒப்பந்தத்தை அந்தக் கிழமையே முடித்தார்கள். அவன் கிளம்புவதற்குள் இரண்டு பேருமாக உட்கார்ந்து, எல்லாப் படிகளிலிருந்தும் மரியம்மாவை நீக்கினார்கள். பச்சையாக இருந்த சோதனைகளில் ஏறக்குறையப் பாதி சிவப்பானது. அவற்றிலும் அம்மாவைத் தவிர வேறு யாரும் பயணம் செய்திருக்கவில்லை. சுதா அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். மென்பொருளின் புதிய வெளியீடு முடியட்டும், அதுவரை பழையபடி வையுங்கள் என்றார்கள். அவள் வைக்கவில்லை. பனி உருகத் தொடங்கியபோது அவளுக்கும் வேலை இல்லை என்றார்கள். காரணமாகச் சொன்னது, அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பது. முகவரிப் பிழையோடு மென்பொருளை எழுதியவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சோதனை பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் எல்லாருடைய பேச்சும்.

தமிழ்மாறன் வேறு நிறுவனம் தேடினான். அனுமதிக் காலம் முடிவதற்குள் கிடைக்கவில்லை. விமான நிலையத்துக்கு சுதாவும் நானும்தான் போனோம். அவன் எங்களிடம் கோபமாக இல்லை. கோபித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சுதா எத்தனையோ நேர்முகங்களுக்குப் போய்விட்டாள். முன்பு செய்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். அவள் முதியவரில் தொடங்கி மரியம்மா வரை முழுவதையும் சொல்வாள். வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னால் என்ன, அதுவும் பொய் இல்லையே என்று ஒருநாள் கேட்டேன்.

“அங்கயும் யாரோ ஒரு மரியம்மாவை வெச்சிருப்பாங்க அக்கா. நான் சொல்லாம வந்தா அது அப்படியே கிடக்கும்.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சலவைக்கூடத்தில் யாராவது தங்கை இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டால், சோதிப்பவள் என்றுதான் சொல்கிறேன்.

சென்ற செவ்வாய் புவாண்ட்-கிளேர் பகுதியில் ஒரு நேர்முகம். மருந்தகங்களுக்கு மென்பொருள் செய்யும் இடம். பின்னேரம் பஸ் தரிப்பிடத்திலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள். குரலில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

“நல்லா நடந்தது அக்கா. அந்தப் பொம்பிளை எல்லாத்தையும் எழுதி எடுத்தா. படியை நிக்க வைக்கிறது எப்பிடி எண்டு பலகையில போட்டுக் காட்டச் சொன்னா. தங்கட படிகளையும் நாளைக்கே பார்க்கப்போறாவாம்.”

“வேலை?”

பக்கத்தில் வாகனங்கள் போகும் இரைச்சல் கேட்டது.

“அது வேற ஆளுக்கெண்டு முதலே முடிவு செய்திட்டாங்களாம்.”

பிறகு, வரும் வழியில் பால் வாங்கி வரவா என்று கேட்டாள். வாங்கி வா என்றேன்.