விழும் என்று நான் நிரூபித்தேன்

பூமி எதையும் இழுப்பதில்லை என்று எங்கள் தெருவில் அடித்துப் பேசிய ஒரே ஆள் என் மாமா. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வெட்டு மெஷினில் வேலை. பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களைக் கத்தை கத்தையாக, மயிரிழை பிசகாமல் வெட்டுகிறவர். அப்படிப்பட்டவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, புவியீர்ப்பு விசை என்பதெல்லாம் எவனோ அவிழ்த்துவிட்ட புளுகு என்று சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அறிவியலில் நான்தான் முதல் மதிப்பெண் என்பதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. "உங்க மாமாவ பூமி இழுக்காதாமே, பெறகு ஏன் இன்னும் பறக்காம இருக்காக?" என்று பள்ளியில் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அவர் அப்படிப் பேச ஆரம்பித்தது அத்தை இறந்த பிறகுதான். மாமாவின் மனைவியான அத்தை, ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். அந்த அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அன்று காலை விதிப்படி நான்கு பெண்கள்தான் இருந்தார்கள். நான்கு பேருமே போய்விட்டார்கள். அறை இருந்த இடத்தில் அஸ்திவாரம் மட்டும் தெரிந்தது என்று போய்ப் பார்த்த அப்பா சொன்னார். என்னைக் கூட்டிப் போகவில்லை.

மறுநாளே ஒரு பேச்சு கிளம்பியது. அத்தையின் கையிலிருந்த மருந்துக் கிண்ணம் நழுவித் தரையில் விழுந்ததால்தான் வெடித்ததாம். கம்பெனியில் சொன்னார்கள் என்றார்கள். கம்பெனியில் யார் என்று எவரும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. மற்ற மூன்று பெண்களின் வீட்டாரும் மாமாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. சமைத்ததில் பாதி அப்படியே மிஞ்சிவிட்டது.

"அவ கை அப்பிடிப்பட்ட கை இல்லக்கா" என்று மாமா அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அது எனக்கும் தெரியும். அத்தை எனக்குத் தலை பின்னிவிடும்போது சீப்பு, ரிப்பன், பூச்சரம் எல்லாவற்றையும் அந்த இரண்டு கைகளே சமாளிக்கும். ஒரு பூகூடத் தரையில் உதிராது. அத்தை போன பிறகு நானே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

வீட்டில் தனியாக இருக்க முடியாமல் மாமா எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டார். வேலைக்கும் சரியாகப் போகவில்லை. எந்நேரமும் கையில் போன். அதில்தான் எவனோ ஒருவன் வீடியோவில் வந்து, பூமிக்கு இழுக்கிற சக்தியே கிடையாது, பள்ளிக்கூடத்தில் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று பேசியிருக்கிறான். மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இழுக்க ஆளில்லாமல் ஒரு பொருள் எப்படித் தானாக விழும்? விழாது. ஆகவே கிண்ணமும் விழவில்லை. அந்த வீடியோக்காரன்கூட, கனமான பொருள் கீழே போகும் என்று ஒப்புக்கொண்டுதான் பேசினான். மாமாவின் காதில் அந்தப் பாகம் மட்டும் ஏறவேயில்லை.

"உம் மாமனக் கிறுக்குன்னு சொல்லுதாக. எனக்கு என்ன பேசன்னு தெரியல. நீ படிக்கிற புள்ள, எடுத்துச் சொல்லேன்" என்றார் அம்மா. எனக்கு வேறென்ன வேண்டும்? மறுநாள் சாயங்காலமே மொட்டை மாடியில் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

முதல் நாள் ஒரு புத்தகத்தையும் ஒரு தாளையும் ஒன்றாக விட்டேன். தாள் ஆடி அசைந்து பின்னால் வந்தது. "பாத்தியா, கனம்தான் கீழ போகுது. இழுப்பு எங்கன இருக்கு?" என்றார் மாமா. அதற்காகத்தான் காத்திருந்தேன். தாளைப் புத்தகத்தின் மேலேயே வைத்துக் கீழே விட்டேன். இரண்டும் ஒட்டினாற்போலச் சேர்ந்தே தரைக்கு வந்தன. தாளைத் தாமதப்படுத்தியது காற்றுதான், எடை அல்ல என்று விளக்கினேன். கனம்தான் காரணம் என்றால் அது ஏன் எப்போதும் கீழேயே போக வேண்டும், பக்கவாட்டில் போனால் என்ன என்றும் கேட்டேன். கடலையே பிடித்துவைத்திருக்கிற பூமி ஒரு பட்டாம்பூச்சியைப் பறக்க விடுமா என்று அவர் வீடியோக்காரனின் கேள்வியை எடுத்து வீசினார். "எறக்கைய அடிக்காம இருக்கச் சொல்லுங்க மாமா, பெறகு பாப்போம்" என்றேன். அன்று அவர் லேசாகச் சிரித்தார். அத்தை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாடம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பினேன். கையில் பிடித்திருக்கும்வரை தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாடியிலிருந்து பாட்டிலை விட்டதும், விழுகிற அந்த நேரம் மட்டும் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. கீழே முற்றத்தில் நின்று பார்க்கச் சொல்லி மாமாவை அனுப்பியிருந்தேன். பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றை ஒன்று தள்ளுவதில்லை என்று மேலிருந்து கத்தினேன். மறுபடி விடச் சொன்னார். மறுபடியும். ஏழெட்டுத் தடவை பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரே படியேறி வந்தார். கடைசியில் நனைந்த சட்டையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி பாப்பா, விழும்னே வச்சுக்கிடுவோம். உக்காந்திருக்கிற ஆளு மடியில இருந்து தரைக்கு வர எம்புட்டு நேரம் ஆகும்?"

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒன்றரை அடி உயரம் என்றால் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"அம்புட்டுதானா? ஆனா அவ கைக்காரி. நழுவினாலும் தரையத் தொடுமுன்ன பிடிச்சிருவா."

இதற்கும் என்னிடம் ஒரு சோதனை இருந்தது. அவர் அச்சகத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு லேபிள் அட்டையை எடுத்தேன். மத்தாப்புப் பெட்டிக்கானது, மயில் படம் போட்டது. அதை மேல்முனையில் நான் பிடித்துக்கொண்டு, அட்டையின் நடுவில், அதைத் தொடாமல், இரண்டு விரலை விரித்து வைக்கச் சொன்னேன். நான் விட்டதும் அவர் பிடிக்க வேண்டும். விட்டேன். அட்டை விரலுக்கு நடுவே வழுக்கித் தரையில் விழுந்தது. மறுபடி விட்டேன். இருபது தடவையாவது இருக்கும். மெஷினில் மயிரிழை பிசகாத அந்த விரல்கள் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. "யாராலயும் முடியாது மாமா! கண்ணு பாத்து, மூளை சொல்லி, வெரலு மூடுறதுக்குள்ள அது போயிரும்" என்று நான் குதித்தேன்.

மாமா குனிந்து அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். ஜெயித்துவிட்டேன் என்று கீழே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். மாமா போனிலிருந்து அந்த வீடியோவையும் அழித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட வரச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. முதலில் போன வீட்டில், இறந்த பெண்ணின் கணவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா சாத்திய கதவுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "அவ கையில இருந்துதான் விழுந்துச்சு. மன்னிச்சிருங்க" என்றார். இரண்டாவது வீட்டில் இறந்தவளைப் பெற்ற தாய் மண்ணை வாரித் தூற்றவில்லை, அதுதான் குறை. வாயில் வந்த வசவை எல்லாம் கொட்டினார். மாமா தலையைக் குனிந்தபடியே நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. உண்மையை ஒப்புக்கொள்ள வந்த மனுசனை ஏன் இப்படித் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது வீட்டில் இறந்துபோனது கல்யாணமாகாத பெண். அவளுடைய அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மாமா சொன்னதை எல்லாம் கேட்டார்.

"அண்ணே, நாங்களும் அப்பிடித்தான் கேள்விப்பட்டோம். ஆனா நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. உள்ள இருந்த நாலு பேரும்தான் போயிட்டாகளே. அங்கன என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

மாமா என் தலையில் கை வைத்தார். "பாப்பாதாம்மா. கணக்குப் போட்டு, செஞ்சே காட்டிருச்சு."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆமாக்கா, நிரூபிச்சுட்டேன்" என்றேன், வகுப்பில் எழுந்து விடை சொல்கிற அதே குரலில்.

கையை விட்டால் பொருள் விழும் என்பதற்கு மட்டும்தான் என்னிடம் அத்தாட்சி இருந்தது. அன்று அந்த அறையில் அத்தையின் கையிலிருந்து ஏதாவது விழுந்ததா என்பதற்கு என்னிடமும் இல்லை, ஊரில் யாரிடமும் இல்லை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அன்று நடந்தது என்னவென்று மாமாவுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவரோ படித்த பிள்ளை சொல்கிறதே என்று என்னை நம்பிவிட்டார்.