மார்சலி கேட்ட நெருப்பு

மார்சலி என்ற பெயரை ஜெனட் முதலில் கேட்டது அறுவடை முடிந்த ஒரு சாயங்காலம். அண்ணன் ராப் அடுப்புக்கு முன்னால் குளிர்காய்ந்துகொண்டே சொன்னான்: "கதிரறுக்க வந்த மலைநாட்டுப் பொண்ணு. பேரு மார்சலி. கட்டிக்கப் போறேன்."

அம்மா பெத்தையா கஞ்சி துழாவுவதை நிறுத்தவில்லை. "அவ பேசுறது ஆட்டுக்காவது புரியுமா?"

எது புரியாவிட்டாலும் ஒரு சொல் புரிந்தது. மலைநாட்டுக்குத் தெற்கே, எங்கள் காலோவே சீமையில் கணப்படுப்பை இங்கிள் என்போம். கல்யாணமாகி வந்தவள் அதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். அவள் மலைநாட்டுப் பேச்சில் நெருப்புக்கே ஐங்கியல் என்றுதான் பேர்.

"அது எங்க சொல்லு அத்தை. முப்பாட்டன் காலத்துல இங்கயும் எங்க பேச்சுதான். நீங்க வாங்கி வச்சிருக்கீங்க. திருப்பியா கேட்டேன்?"

"வாயப் பாரு," என்றாள் பெத்தையா. ஆனாலும் பக்கத்தில் உட்கார இடம் விட்டாள்.

புருஷனும் பெண்சாதியும் ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்கள். ஊனா என்று ஒரு பெண் பிறந்தாள். அந்த வருஷக் கடைசியில் வண்டியோட்டிப் போன ராப், பனியில் வழி அடைபட்டு டம்ஃப்ரீஸிலேயே தங்கிவிட்டான். வருஷப் பிறப்பன்று காலையில் மார்சலி சட்டியோடு வாசலில் வந்து நின்றாள். கூரையில் புகை போகும் துளை வழியே பனி கொட்டி அவள் அடுப்பு அணைந்துவிட்டது. சக்கிமுக்கிப் பஞ்சும் ஈரம்.

"பிள்ளைக்கு நெஞ்சு இழுக்குது அத்தை. ரெண்டு கங்கு போடுங்க."

பெத்தையா வாசலை மறித்துக்கொண்டாள். வருஷத்தின் முதல் நாள் நெருப்பு படி தாண்டினால் குடும்பத்தில் சாவு விழும். அன்றைக்குப் பொம்பளை முதலில் படி மிதிப்பதும் ஆகாது.

"ஆம்பிளை யாராவது வந்து மிதிக்கட்டும். அப்புறம் பிள்ளையத் தூக்கிட்டு வந்து இங்கயே இரு. நெருப்பு நாளைக்குத்தான்."

"அண்ணன் பிள்ளைம்மா அது," என்றாள் ஜெனட்.

"அதனாலதான் சொல்றேன். சாவு வரணுமா உனக்கு?"

மார்சலி சண்டை போடவில்லை. வெறும் சட்டியோடு திரும்பிப் போனாள். அந்தப் பனியில் அன்று முழுக்க ஒரு ஆம்பிளையும் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஜெனட் கங்கு அள்ளிக்கொண்டு ஓடினாள். மார்சலி தன் துணியெல்லாம் பிள்ளைமேல் சுற்றி மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சில்லிட்டுப் போயிருந்தது.

"அடுப்புல வை, ஜெனட். அவ அப்பா வரும்போது வீடு சூடா இருக்கட்டும்."

அடக்கம் முடிந்த அன்று பெத்தையா கதவை அகலத் திறந்து, இங்கிள் பக்கத்தில் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள். "வா, வந்து உக்காரு" என்றாள். பின்னும் கூப்பிட்டாள். மார்சலி அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பனி உருகிப் பாதை தெரிந்ததும் மலைநாட்டுக்குப் போய்விட்டாள். ராப் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்து, தனியாகத்தான் வந்தான்.

மார்சலி இப்போது மலைநாட்டு லோக்கேபரில், தன் தம்பி வீட்டில் இருக்கிறாள்.